பத்துக் கிலோ ஸ்பிரிங்

ஜூன் 9, திங்கள்

டாக்டர் குறித்து வைக்கச் சொன்னார். எது எந்தத் தேதியில் கடினமாயிற்று என்று: சட்டைப் பொத்தான், பாட்டில் மூடி, பேனா. அடுத்த முறை வரும்போது "கொஞ்சம் மோசம்", "ரொம்ப மோசம்" என்றெல்லாம் சொல்லாமல் தேதியோடு சொல்ல வேண்டுமாம். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அதனால்தான் இந்த நோட்டு. மற்றபடி நான் நாட்குறிப்பு எழுதும் ரகம் இல்லை. நாற்பத்தெட்டு வயதில் ஒருத்தி தன்னைப் பற்றித் தனக்கே சொல்லிக்கொள்ள என்ன புதுச் செய்தி இருக்கிறது?

தம்பி நந்தகோபாலுக்கு வயது நாற்பத்து நான்கு. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும் நோய். அவனுக்குக் கைகளில் தொடங்கியிருக்கிறது. வேகத்தைச் சற்றுக் குறைக்க ஒரு மாத்திரை உண்டு. நிறுத்த எதுவும் இல்லை. இதை டாக்டர் அவனிடமே சொன்னார். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "பார்க்கிங் சீட்டு ஒரு மணி நேரத்துக்குத்தான் போட்டிருக்கேன், முடிஞ்சுதுங்களா?"

வீடு வரும்வரை அவன்தான் ஸ்கூட்டர் ஓட்டினான். நான் பின்னால்.

ஜூன் 10

பொத்தான்: மேல் இரண்டும் போட நேரமாகிறது. பாட்டில் மூடி: முடிகிறது. பேனா: முடிகிறது.

ஜூன் 15, ஞாயிறு

நந்துவின் பொழுதுபோக்கைப் பற்றியும் எழுத வேண்டும் போலிருக்கிறது, ஏனென்றால் இன்றைய பேச்சு அதில்தான் வந்து நின்றது.

அவன் பஞ்சுக் குண்டு சுடும் துப்பாக்கி செய்கிறவன். நான் பொம்மைத் துப்பாக்கி என்பேன். "பிளாஸ்டர்னு சொல்லுக்கா" என்பான். பி.வி.சி. குழாய்க்குள் ஒரு பிஸ்டன், அதன் தலையில் ரப்பர் வளையம், பின்னால் ஸ்பிரிங். முன்பிடியை இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கி "டக்" என்று மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினால் பிஸ்டன் காற்றைத் தள்ளும், காற்று விரல் நீள ஃபோம் துண்டைத் தள்ளும். ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோமை அவனே வெட்டி, நுனியில் ரப்பர் ஒட்டி, குண்டு செய்துகொள்வான். ஃபிரிட்ஜுக்கு அடியில், செருப்புக்குள், ஒருமுறை சாம்பார்ச் சட்டியில் என்று நான் பொறுக்கியெடுத்தவற்றைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு மெத்தை தைத்திருக்கலாம்.

பம்ப் கம்பெனியில் வரைபடப் பிரிவில் வேலை. அவன் மணம் முறிந்து என்னோடு வந்து ஆறு வருடம். நான் பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன், மணம் செய்துகொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையில் பாதி அவனுடைய குழாய்களுக்கு, பாதி என் விடைத்தாள்களுக்கு. இதுதான் குடும்பம்.

இன்று நான் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டேன். பதினொரு கிலோமீட்டர், பாதி தூரம் பஸ்களுக்கு நடுவே. அந்தக் கையோடு வேண்டாம் என்றேன்.

அவன் மேசையிலிருந்து ஒரு துப்பாக்கியை எடுத்தான். "இதுக்குள்ள இருக்கறது பத்துக் கிலோ ஸ்பிரிங். இதை நான் இழுத்து மாட்டற வரைக்கும் வண்டி ஓட்டுவேன். மாட்ட முடியாத அன்னைக்குச் சாவிய உன் கைல குடுத்துட்டு ஆட்டோவுல போறேன். சரியா?"

"ஸ்கூட்டருக்கும் இந்தப் பொம்மைக்கும் என்னடா சம்பந்தம்?"

"பிரேக் புடிக்கறதும் இந்தக் கைதான், இதை இழுக்கறதும் இந்தக் கைதான். அளக்காம எதையும் பேசாதேன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நீ. அளவு வச்சாச்சு. இப்ப என்ன?"

நல்ல அளவுகோல்தான். மாணவி யாராவது எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

"டக்" என்று மாட்டிக் காட்டினான். பிறகு குளிர்சாதனப் பெட்டிமீதிருந்த என் காலி டம்ளரைச் சுட்டுத் தள்ளினான்.

ஜூன் 27

பேனா தடிமனாக இருந்தால் பிடிக்க முடிகிறது. குழாயில் சிறுவாணித் தண்ணீர் மூன்று நாளாக வரவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்க்க முதல்முறையாகப் போனேன். மூடிக் கிடக்கும் ஒரு நூற்பாலையின் கிடங்கு. பல் டாக்டர் ஒருவர், வங்கி ஊழியர்கள் இருவர், கணபதி பகுதியில் ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கும் குப்புராஜ், இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் தொப்பை, எல்லோருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடி. பழைய பஞ்சுப் பொதிகளுக்குப் பின்னால் ஒளிந்து ஒருவரையொருவர் சுடுகிறார்கள்.

நான் சிரிக்கத் தயாராகப் போனேன். அவர்கள் வைத்திருக்கும் ஒழுங்கு அதற்கு இடம் தரவில்லை. புதிதாக ஒன்று செய்தால் முதல் குண்டு செய்தவன் முதுகில்தான்; தான் வாங்காததை இன்னொருத்தனுக்குக் கொடுக்கக் கூடாது. நந்துவின் முதுகில் அவ்வப்போது பார்த்த வட்டச் சிவப்புக்கு இதுதான் காரணம். அதையும் நோயென்று நினைத்திருந்தேன். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் எல்லோர் கண்முன்னும் தன் துப்பாக்கியைத் தானே இழுத்து மாட்டி, வேகம் அளக்கும் சிறு பெட்டிக்கு மேலாக ஒருமுறை சுட வேண்டும். குப்புராஜ் எண்ணைப் படித்துச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவார். வினாடிக்கு நூற்று முப்பது அடிக்கு மேல் போனால் ஆட்டத்தில் இடமில்லை.

"நந்து, நூத்தி இருபத்தெட்டு!"

"ஏனுங்க்கா, நீங்களும் ஒண்ணு எடுத்துக்கறீங்களா?" என்றார் குப்புராஜ்.

"வேண்டாம். நான் அவனைச் சுடறதுன்னா வாயே போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நந்துவும். அவர்களில் ஒருவருக்கும் நோயைப் பற்றிச் சொல்லவில்லை என்று அப்போது தெரிந்தது.

ஜூலை 19

ஒண்டிப்புதூர் சித்தி வந்து ஒரு மூலிகை எண்ணெய் கொடுத்துப் போனாள். அவளுக்குத் தெரிந்த ஒருவர் இதில் எழுந்து நடந்தாராம். அவருக்கு என்ன நோய் என்றால் தெரியவில்லை. எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்றால் கோபம் வருகிறது.

ஷூ கயிறு: முடியவில்லை. ஒட்டும் பட்டை வைத்த செருப்பு வாங்கினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சமையலறையிலிருந்து பார்த்தேன். நான் பார்த்தது அவனுக்குத் தெரியாது.

முன்பிடியை இழுத்தான். பாதியில் நின்றது. விட்டான். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி. பாதி. பிறகு துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவே கொடுத்து இரண்டு கையாலும். முகம் சிறுவயதில் சைக்கிள் டயரைக் கழற்றும்போது இருந்ததுபோல் ஆயிற்று. மாட்டவில்லை. அதை மேசையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினான்.

நான் காபி கொண்டுபோனேன். "ரெண்டு கையும் ஒரே வேர்வை. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

சாவி வாசல் ஆணியில்தான் தொங்கியது. எட்டி எடுத்திருக்கலாம். அவன் சொன்ன சொல்தான்.

ஆகஸ்ட் 6

கல்லூரியிலிருந்து வரும் வழியில் குப்புராஜின் பட்டறையில் ஒரு வேலை இருந்தது.

ஆகஸ்ட் 8

நந்து குளிக்கப் போனபோது மேசையைச் சுத்தம் செய்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

காலையில் "டக்". உடனே மறுபடி "டக்". என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாத்தியா? வேர்வைதான்னு சொன்னனில்ல?"

"சொன்ன."

இரண்டு மாதத்தில் முதல்முறையாக மூன்றாவது தோசை கேட்டான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வேகம் என்று ஒன்று இருப்பதை நான் நினைக்கவே இல்லை. கிடங்கில் நந்து சுட்டான். குப்புராஜ் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நூத்தி ஏழு" என்றார்.

"இருபது அடி கொறஞ்சு போச்சா?" என்றான் நந்து. "காத்து கசியுது."

இந்த நோட்டில் பொய் எழுதினால் நோட்டுக்கே அர்த்தமில்லை. எழுதிவிடுகிறேன். உள்ளே இருப்பது ஏழு கிலோ ஸ்பிரிங். குப்புராஜிடம் எல்லாவற்றையும் சொல்லி, அதே நீளத்தில், அதே சுற்றளவில், மெலிந்த கம்பியில் சுற்றி வாங்கிவந்து நான்தான் மாற்றினேன். இருபத்து நான்கு வருடமாக அளவீட்டுப் பிழை பற்றிப் பாடம் நடத்துகிறவள், அளவுகோலையே அறுத்துச் சின்னதாக்கினேன்.

காரணம் எழுத வரவில்லை. அந்தத் துண்டு. அதை அவன் அத்தனை ஒழுங்காக விரித்து மூடியது.

ஆகஸ்ட் 13

மூன்று நாளாகக் கசிவைத் தேடுகிறான். ரப்பர் வளையத்தை மாற்றினான். குழாய் முனையில் டேப் சுற்றினான். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். இல்லாத ஓட்டையை ஒருவன் இத்தனை பொறுமையாகத் தேடுவதை எதிரில் உட்கார்ந்து பார்ப்பது சிரமம். விடைத்தாளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் முழுதாகக் கழற்றிவிட்டான். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். மோந்து பார்த்தான். பிறகு அதைத் துடைத்து உள்ளே போட்டு, "ரப்பர் வளையம்தான். வேற ஒண்ணுமில்ல" என்றான்.

கண்டுபிடிக்கவில்லை. அவனுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 24

பொத்தான்கள் எல்லாம் இனி நான். "கல்யாணம் பண்ணிக் குடுக்கற மாதிரி போடாத, ஆபீசுக்குத்தான் போறேன்" என்கிறான். ஸ்கூட்டரில்தான் போகிறான். ஒவ்வொரு நாளும் ஆறரைக்கு அவன் வண்டிச் சத்தம் கேட்கும்வரை வாசல் வேலை ஏதாவது செய்துகொண்டிருக்கிறேன். வாசலில் அத்தனை வேலை கிடையாது.

செப்டம்பர் 3, புதன்

மறுபடி பட்டறை. ஏழும் பாதியில் நிற்கத் தொடங்கிவிட்டது. குப்புராஜ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இது ஆகாதுங்க்கா. போன தடவயே மனசு கேக்கல."

"ஐந்து கிலோவில் சுற்றிக் கொடுங்க."

"வண்டிய நிறுத்தச் சொல்லுங்க்கா. சொன்னாக் கேப்பாருங்க."

"கேட்பான். அதனால்தான் சொல்ல முடியல."

அவர் உள்ளே போனார். எந்திரத்தைப் போட்டார். கம்பி சுற்றி முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

"டக்" என்று மாட்டினான். சுட்டான். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். திரையில் தொண்ணூற்று ஒன்று.

"நூத்தி இருவது!" என்று கத்தினார் குப்புராஜ். சுவரிலும் அப்படியே எழுதினார்.

நந்து சுவரைப் பார்த்துக் கைதட்டினான்.

செப்டம்பர் 18, வியாழன்

விபத்து.

செப்டம்பர் 20

நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸின் பின்பக்கம். பிரேக்கைப் பிடித்திருக்கிறான், கை மூடவில்லை. வண்டியை இடதுபக்கம் சாய்த்திருக்கிறான். தோள்பட்டை எலும்பும் இடது மணிக்கட்டும் முறிந்துவிட்டன. பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்குக் காலில் சிராய்ப்பு. நேற்று அவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். "தம்பிக்கு எப்படிங்க இருக்கு?" என்று அவர் கேட்டார். எதிரில் நிற்க முடியவில்லை.

மாவுக்கட்டு ஆறு வாரம். நரம்பு டாக்டர் வந்து பார்த்தார். சும்மா கிடக்கும் தசை இந்த நோயில் திரும்பி வருவது கடினம் என்று வராந்தாவில் சொன்னார். வலது கையிலும் நோயின் வேகம் தெரிகிறதாம். "இந்த நிலைமையில வண்டி ஓட்ட எப்படி விட்டீங்க?" என்றார். நியாயமான கேள்வி.

செப்டம்பர் 24, புதன்

காலையில் இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரரை ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"நந்து, அந்த ஸ்பிரிங்."

"ஏழு. அப்பறம் அஞ்சு" என்றான். "சட்னி தொடு."

கையில் இட்லியோடு உட்கார்ந்திருந்தேன்.

"எப்பத் தெரியும்?"

"வேகம் கொறைஞ்ச அன்னைக்கே கணக்குப் போட்டேன். கழட்டிப் பாத்தா கம்பி மெலிசு. அதுவுமில்லாம நான் கிரீஸ் தடவுவேன். நீ தேங்காயெண்ணெய் தடவியிருக்க. தொறந்தா கல்யாண வீட்டுத் தலைவாரல் மாதிரி ஒரு வாசம்."

அவன் சிரித்தான். எலும்பு வலித்து நிறுத்தினான்.

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லல?"

"சொன்னாச் சாவியக் குடுக்கணுமே."

சட்னியில் தொட்டு ஊட்டினேன். விழுங்கிவிட்டுப் பேசினான்.

"நீ மாத்திட்டேன்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரே சந்தோசம்க்கா. பழி உன் மேல, வண்டி என் கைல. அந்த அம்மா கால் அந்தப் பக்கம் ரெண்டு அடி தள்ளி இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு ஆறு நாளா நெனச்சுட்டே இருக்கேன்." பிறகு, "எனக்கு ஒரு ஆளாவது நெசம் சொல்லணும். டாக்டரு சிரிச்சுட்டே பேசறாரு. குப்புராஜு வந்தா அழுதுட்டுப் போறான். நீதான் பாக்கி."

"சரி" என்றேன்.

"வெறும் சரியா?"

"வேற என்ன சொல்லணும்? சரி."

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. குப்புராஜ் பலகாரம் கொண்டுவந்தார். நந்துவின் பேச்சில் "ர"வும் "ல"வும் வழுக்குகின்றன. அவர் இரண்டு முறை "என்னங்?" என்று கேட்டார். நான் இடையில் புகுந்து சொல்லிக்கொடுத்தேன்.

அக்டோபர் 31

மாவுக்கட்டு பிரித்தார்கள். உள்ளே இருந்த கை அவனுடையதுபோல் இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

கால்களும் தளர்ந்துவிட்டன; கிடங்குக்குச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனேன். இப்போது எல்லோருக்கும் தெரியும். பல் டாக்டர், நந்துவின் துப்பாக்கியைத் தான் இழுத்து மாட்டித் தருவதாகவும் அவன் விசையை மட்டும் அழுத்தலாம் என்றும் சொன்னார். மற்றவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் வழக்கத்தை அவர்களே மீறத் தயாராக இருந்தார்கள்.

நந்து மறுத்துவிட்டான். "தானே மாட்டாதவன் ஆட முடியாது. எனக்காக மாத்தினா அது வேற ஆட்டம்."

குப்புராஜ் ஒரு யோசனை சொன்னார். இழுக்கவே வேண்டாத இன்னொரு வகை உண்டு. இரண்டு சிறு மோட்டார், இரண்டு சக்கரம், பேட்டரி. ஃபோம் குண்டைச் சக்கரங்களுக்கு நடுவே தள்ளினால் அவை பிடித்து வீசிவிடும். நந்து அதை இத்தனை நாள் "மிக்சி" என்று கேலி செய்தவன்.

திரும்பி வரும்போது, "மிக்சிதான் செய்யணும் போல. கை நீ, மூளை நான்" என்றான்.

நவம்பர் 29

கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டும் சூட்டுக்கோலைப் பிடிக்கக் கற்றேன். விரலில் இரண்டு கொப்புளம். "பி.எச்டி. வாங்கின கையா இது?" என்கிறான். அவன் பேசியதை இங்கே தெளிவான சொற்களில் எழுதுகிறேன். காதில் விழுவது இப்படியல்ல.

டிசம்பர் 6, சனி

சக்கரங்களைப் பொருத்தியாயிற்று. கம்பிகளை இணைக்க வேண்டும். எது எந்த மோட்டாருக்கு என்று நந்து நீளமாக விளக்கினான். "புரிஞ்சுதா?" என்றான். தலையாட்டினேன். இணைத்தேன். மறுபடி ஏதோ சொன்னான். தலையாட்டினேன்.

பேட்டரியைப் போட்டதும் சக்கரங்கள் நன்றாகச் சுழன்றன. கிடங்குக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்துவிடலாமென்று குண்டைப் பின்னாலிருந்து விரலால் தள்ளினேன். அது உள்ளே போகாமல் என் விரலையே தள்ளிக்கொண்டு பின்னால் பாய்ந்து, என் மூக்கில் பட்டு, நந்துவின் மடியில் விழுந்தது. இரண்டு சக்கரமும் தலைகீழாகச் சுழன்றிருக்கின்றன.

நந்து சிரித்தான். இந்த நோயில் சிரிப்பு தொடங்கினால் நிறுத்துவது அவன் கையில் இல்லை. அழுகையாக மாறி, இருமலாக மாறி, கடைசியில் நின்றது. அவன் வாயைத் துடைத்துவிட்டேன்.

மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டான். "புரிஞ்சுதுன்னு சொன்ன?"

"பாதி புரிஞ்சுது."

பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இல்ல. ஒண்ணுமே புரியல."

"எத்தன நாளா?"

"தீபாவளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா. போன வாரத்திலிருந்து நிறைய."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கம்பிகளைப் பிரித்தேன். பிறகு அவன் பேசியதை மூன்று முறை சொல்லவைத்து இப்படிப் புரிந்துகொண்டேன். "இன்னொரு ஸ்பிரிங் வேண்டாம்க்கா. புரியலேன்னா புரியலேன்னு சொல்லு. நான் மறுபடி சொல்லிக்கறேன். நீ தலையாட்டினா நான் எங்க இருக்கேன்னே எனக்குத் தெரியாமப் போயிரும்."

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் கம்பிகளைச் சரியாக இணைத்தேன். ஒவ்வொன்றுக்கும் "புரியல" என்று சொல்லிச் சொல்லி. இருபது நிமிட வேலைக்கு இரண்டு மணி நேரம். அவன் ஒருமுறையும் சலித்துக்கொள்ளவில்லை.

செய்தவள் நான் என்பதால் முதல் குண்டு எனக்காம். குப்புராஜ் மன்றாடியும் நந்து விடவில்லை. கிடங்கில் பத்தடி தள்ளித் திரும்பி நின்றேன். நாற்காலிக் கைப்பிடியில் கட்டி வைத்த துப்பாக்கியில், குண்டைச் சக்கரங்களுக்குள் தள்ளிவிடும் பொத்தானை அவன் வலது சுண்டுவிரலால் அழுத்தினான். முதுகில் சுளீர் என்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

வேகம் எண்பத்து நான்கு. குப்புராஜ் எண்பத்து நான்கு என்றே எழுதினார்.

டிசம்பர் 28

சுண்டுவிரல் அழுத்தவில்லை. மிக்சியைப் பல் டாக்டரிடம் கொடுக்கச் சொன்னான். கொடுத்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். குழைய வேகவைத்தது. நாலு ஸ்பூன்.

பிப்ரவரி 11

கல்லூரியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தேன். முதல்வர் என் தோளைத் தொட்டார். எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை. அவருக்கும் இல்லை போலிருக்கிறது, உடனே கையை எடுத்துக்கொண்டார்.

படுத்தால் மூச்சு வாங்குகிறது. மூன்று தலையணை. பகலெல்லாம் "புரியல, மறுபடி சொல்லு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சில நாள் ஒரு வாக்கியத்துக்குக் கால் மணி நேரம். நேற்று அப்படிக் கால் மணி நேரம் போராடிப் புரிந்துகொண்டது: "உன் தலைல பல்லி விழுந்திருக்கு."

மார்ச் 5, வியாழன்

டாக்டரிடம் போனோம். மூச்சுக்கு எந்திரம் வைக்கும் காலம் வந்துவிட்டதாகச் சொன்னார். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பது. வைத்தால் சில வருடம்கூட உயிரோடு இருக்கலாம். பேச்சு இருக்காது, அசைவு இருக்காது. வைக்காவிட்டால் மாதக்கணக்கு. இந்த வாரத்துக்குள் முடிவு வேண்டும். நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. நந்துவைப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டார்.

நந்து பேசினான். நீளமாக. டாக்டர் குனிந்து கேட்டார், தலையை அசைத்தார், என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றார்ம்மா?"

அந்த அறையில் அதைத் தெரிந்துகொள்ளக் கூடியவள் நான் ஒருத்திதான். முதல் முறையே எனக்குப் பாதி புரிந்திருந்தது. "யோசித்துச் சொல்வானாம்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் கிடைத்திருக்கும். ஒரு வாரத்தில் அவன் மனதை மாற்றியிருக்கலாம். அதற்குள் மூச்சு திணறினால் அவர்களே குழாயை வைத்திருப்பார்கள். இத்தனையும் அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்குத் தோன்றியது. இதையும் எழுதித்தான் வைக்க வேண்டும்.

நந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முழுசாப் புரியல. மறுபடி சொல்லு" என்றேன்.

மறுபடி சொன்னான். மூச்சு எடுக்க மூன்று இடத்தில் நிறுத்தி.

"எந்திரம் வேண்டாமாம், டாக்டர்" என்றேன். "வீட்டிலேயே இருந்துக்கறானாம். வலியும் மூச்சுத் திணறலும் இல்லாம பாத்துக்க முடியுமான்னு மட்டும் கேக்கறான்."

"அப்படித்தானா, நந்தகோபால்?"

அவன் கண்ணை மூடித் திறந்தான்.

டாக்டர் எழுதத் தொடங்கினார். நான் கைப்பையைத் திறந்தேன், எதை எடுக்கவென்று தெரியாமல் மூடினேன். நந்து இன்னொரு சொல் சொன்னான். டாக்டர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அது உங்களுக்கில்லைங்க டாக்டர்" என்றேன். "என்னைக் கூப்பிடறான்."